ஒரு ஹூயியின் உடம்பும் ஏடும்

ஓய்வுபெற்ற ராணுவ ஹெலிகாப்டர் ஒன்றைப் பற்றி விசாரித்தால் முதலில் கிடைப்பது பெரும்பாலும் ஓர் எண்தான்: இத்தனை மணி நேரம் பறந்திருக்கிறது. அதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அதோடு நின்றுவிடாதீர்கள். ஹெலிகாப்டருக்கு ஒரே வயது கிடையாது. உடற்கூட்டுக்கு ஒரு வயது, எஞ்சினுக்கு ஒரு வயது, ரோட்டார் பிளேடுகள் இரண்டுக்கும் தனித்தனி வயது. வால் வேறொரு ஹெலிகாப்டரிலிருந்து வந்ததாக இருக்கலாம். எஞ்சின் நான்கு ஹெலிகாப்டர்களில் மாறி மாறி ஓடியதாக இருக்கலாம். ஆகவே பழுதுபார்ப்பு வரலாற்றைத் தேடுகிறவர் ஒவ்வொரு பாகத்தையும் தனி ஆளாகக் கருதி அதன் பின்னால் போக வேண்டும். இந்த அத்தியாயம் முழுவதும் அந்த ஒரு வேலையைப் பற்றித்தான்.

எடுத்துக்காட்டுக்கு பெல் நிறுவனத்தின் யூஎச்-1, அதாவது எல்லோரும் ஹூயி என்று அழைக்கும் ஹெலிகாப்டரை எடுத்துக்கொள்கிறேன். 1956 அக்டோபரில் முதல் மாதிரி பறந்தது. எல்லா வகைகளும் சேர்ந்து 16,000க்கும் மேல் கட்டப்பட்டன. அவற்றில் ஏறத்தாழ 7,000 வியட்நாம் போருக்குப் போயின. பாதிக்குச் சற்றுக் குறைவானவை அங்கேயே அழிந்தன. மீண்டு வந்தவை இன்று அருங்காட்சியகங்களிலும், நகர்மன்ற வாசல்களில் கம்பத்தின் மேலும், தீயணைப்புத் துறைகளின் கொட்டகைகளிலும் நிற்கின்றன. ராணுவம் எழுதி வைத்த தாள்கள் இவ்வளவு மிஞ்சியிருக்கும் ராணுவ ஹெலிகாப்டர் வேறு சிலவே. கற்றுக்கொள்ள ஏற்ற ஹெலிகாப்டர் இது.

தகடும் வாலும்

முதல் வேலை, உங்கள் முன் நிற்பது எந்த ஹெலிகாப்டர் என்று உறுதி செய்வது. எளிதாகத் தோன்றும், ஆனால் இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள்.

அமெரிக்கத் தரைப்படையின் வரிசை எண்ணில் முதல் இரண்டு இலக்கங்கள் நிதியாண்டைக் குறிக்கும். 65-10126 என்றால் 1965ஆம் நிதியாண்டின் ஒதுக்கீட்டில் வாங்கப்பட்டது. அன்றைய அமெரிக்க நிதியாண்டு ஜூலையில் தொடங்கி ஜூனில் முடிந்தது. ஆகவே அந்த இலக்கங்கள் பணம் ஒதுக்கிய ஆண்டைச் சொல்கின்றன. ஹெலிகாப்டர் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்த நாளை அவை சொல்வதில்லை. வாலில் எழுதும்போது பத்தாண்டு இலக்கத்தை விட்டுவிட்டு 510126 என்று எழுதுவது வழக்கம். படைவீரர்கள் கடைசி மூன்று இலக்கங்களால் மட்டுமே அழைத்தார்கள். வாஷிங்டனில் ஸ்மித்சோனியனின் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் நிற்கும் 65-10091, அதில் பறந்தவர்களுக்கு வெறும் 091தான்.

பெல் தொழிற்சாலை தனக்கென ஒரு கட்டுமான எண்ணும் கொடுத்தது. அது ராணுவ எண்ணோடு எந்த வகையிலும் ஒத்துப்போகாது. இரண்டையும் தகட்டிலிருந்து குறித்துக்கொள்ளுங்கள்.

தகடு என்றேன், வாலில் எழுதியிருப்பதை நம்பாதீர்கள். ஹூயியின் வால்பகுதி நான்கு போல்ட்டுகளால் கூட்டோடு பிணைக்கப்பட்டது. போர்க்களத்தில் வால் அடிபட்டால் நான்கையும் கழற்றி, வீழ்ந்த இன்னொரு ஹெலிகாப்டரின் நல்ல வாலைப் பூட்டிவிடுவார்கள். அதன்மேல் புதிய எண்ணை எழுதுவார்கள். அவசரத்தில் எழுதாமலும் விடுவார்கள். வரிசை எண் எழுதப்படும் இடமே கழற்றி மாட்டக்கூடிய பாகமாக இருப்பதால், கூட்டில் ரிவெட் அடித்துப் பொருத்திய தகடுதான் ஹெலிகாப்டரின் அடையாளம். அந்தத் தகட்டின் ரிவெட்டுகளையும் கவனியுங்கள். சுற்றியுள்ள பெயின்ட் படலம் உடைந்து, ரிவெட் தலைகள் மட்டும் புதியனவாக மினுங்கினால், தகடு ஒருமுறை கழற்றப்பட்டிருக்கிறது. ஏன் என்று கேட்க வேண்டிய கேள்வி அது. வால் எண்ணும் தகட்டு எண்ணும் வேறுபட்டால் வருத்தப்படாதீர்கள். உங்களுக்கு இரண்டு வரலாறுகள் கிடைத்திருக்கின்றன.

தகட்டில் யூஎச்-1டி என்றும், அருங்காட்சியகத்தின் பெயர்ப்பலகையில் யூஎச்-1எச் என்றும் இருந்தால் அது தவறாக இருக்க வேண்டியதில்லை. டி வகையில் 1,100 குதிரைத்திறன் எஞ்சின் இருந்தது. எச் வகையில் 1,400 குதிரைத்திறன். முதன்மையான மாற்றம் எஞ்சின்தான் என்பதால் பல டி ஹெலிகாப்டர்கள் பணிமனையில் எச் ஆக மாற்றப்பட்டன. எச் வகை தொழிற்சாலையிலிருந்து நேராக வரத் தொடங்கியது 1967இல்தான். அதற்கு முன்பே கட்டப்பட்ட எச் ஒன்றைப் பார்த்தால், அதன் ஏட்டில் எஞ்சின் மாற்றத்தின் பதிவு எங்கோ இருக்க வேண்டும். தேடுங்கள்.

ஏட்டின் தாள்கள்

ஒவ்வொரு ஹூயிக்கும் ஒரு க்ரூ சீஃப் உண்டு. அவர் அந்த ஹெலிகாப்டரின் மெக்கானிக். பகலில் அதிலேயே பறந்து, கதவோரத் துப்பாக்கியைப் பிடிப்பவரும் அவரே. இரவில் டார்ச் வெளிச்சத்தில் பழுது பார்த்துவிட்டு விடியலில் மீண்டும் ஏறுவார். இன்று நாம் படிக்கும் ஏட்டின் பெரும்பகுதி அந்தக் கைகள் எழுதியது. எண்ணெய்க் கறையும் அவசரக் கையெழுத்தும் இருப்பது அதனால்தான். அந்தக் கையெழுத்துகளை மதிப்போடு படிக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். ஒவ்வொரு கையொப்பமும், இதில் மற்றவர்கள் ஏறலாம் என்று ஒருவர் தந்த உறுதி.

தரைப்படையின் படிவங்கள் 2408 என்ற எண் வரிசையில் வரும். எல்லாவற்றையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. உங்களுக்கு உயிர்நாடியானவை சிலவே. 2408-13 அன்றாட நிலைப் படிவம்: இன்று என்ன பழுது, யார் சரி செய்தார். 2408-15 அந்த ஹெலிகாப்டரின் வரலாற்றுப் பதிவு: எந்தப் படைப்பிரிவு பெற்றது, எங்கே விபத்து, எப்போது பெரும்பழுது (முழுவதும் பிரித்துச் செய்யும் பழுதுபார்ப்பு). இது ஹெலிகாப்டரோடு கூடவே பயணம் செய்யும். 2408-16 முக்கிய உதிரிபாகங்களின் பதிவு: எந்த வரிசை எண் கொண்ட பாகம், ஹெலிகாப்டர் எத்தனை மணி பறந்திருந்தபோது பூட்டப்பட்டது. 2408-5 மாற்றப் பணிகளின் பதிவு. இவற்றோடு 2410 என்ற தனிப் படிவம்: ஒரு பாகம் கழற்றப்படும்போதும், பழுது பார்க்கப்படும்போதும், மீண்டும் பூட்டப்படும்போதும் அதன் பெயரில் நிரப்பப்படுவது. பாகத்தைப் பின்தொடர விரும்புகிறவருக்கு 2410ஐப் போல உதவும் தாள் வேறில்லை. இரண்டு ஹெலிகாப்டர்களுக்கு நடுவே அந்தப் பாகம் எங்கே இருந்தது என்பதை அது மட்டுமே சொல்லும்.

அன்றாடப் படிவங்கள் சில மாதங்களே வைத்திருக்கப்பட்டன. அவை பெரும்பாலும் கிடைக்காது. கிடைத்தால் சிவப்புக் குறிகளைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். சிவப்புப் பெருக்கல் குறி என்றால் ஹெலிகாப்டர் தரையைவிட்டு எழக் கூடாது. அதைச் சுற்றி வட்டம் இருந்தால் குறிப்பிட்ட கட்டுப்பாட்டுக்குள் பறக்கலாம். கிடைக்கோடு, செய்ய வேண்டிய சோதனை ஒன்று நிலுவையில் உள்ளது என்பதற்கு. சாய்கோடு, பழுது உண்டு, பறக்கத் தடையில்லை என்பதற்கு. பழுதைச் சரி செய்தவர் அந்தக் குறியின் மேலேயே தன் பெயரின் முதலெழுத்தைப் போடுவார். குறியை அழிக்க அனுமதி இல்லை. அழித்த தடம் தெரிந்தால் அந்தப் பக்கத்தையே சந்தேகத்தோடு படியுங்கள்.

தேதி இல்லாத தாள்கள் கையில் கிடைக்கும். அவற்றின் காலத்தைக் கணிக்க இரண்டு குறிப்புகள் எனக்கு எப்போதும் கைகொடுக்கின்றன. எச்யூ-1 என்று எழுதியிருந்தால் அது 1962 செப்டம்பருக்கு முந்தைய பழக்கம்; அந்த மாதத்தில்தான் முப்படைகளுக்கும் பொதுவான பெயர்முறை வந்து யூஎச்-1 ஆனது. இன்னொன்று, உதிரிபாகத்தின் கிடங்கு எண். 1974 செப்டம்பர் இறுதி வரை அது 11 இலக்கங்கள். அதன் பிறகு நடுவில் நாட்டைக் குறிக்கும் இரண்டு இலக்கங்கள் சேர்ந்து 13 ஆனது. 11 இலக்கத்தோடு ஒரு பெட்டியோ அட்டையோ கிடைத்தால், அது வியட்நாம் போர்க் காலத்தியதாக இருக்க நல்ல வாய்ப்புண்டு. அந்த எண்ணின் முதல் நான்கு இலக்கங்களும் பேசும். 1615 என்று தொடங்கினால் ரோட்டாரையோ அதை ஓட்டும் பாகங்களையோ சேர்ந்தது. 2840 என்றால் டர்பைன் எஞ்சின்.

உதிரிபாகங்களில் கட்டப்படும் வண்ண அட்டைகளில் ஒரு பொறி இருக்கிறது. பச்சை என்றால் நல்லது என்று நம் மனம் சொல்லும். அமெரிக்க ராணுவத்தில் மஞ்சள் அட்டைதான் பயன்படுத்தத் தகுந்த பாகத்துக்கு. பச்சை அட்டை, இப்போது தகுதியற்றது, பழுது பார்த்தால் தேறும் என்பதற்கு. சிவப்பு, கழித்துக்கட்டியது. பச்சை அட்டையோடு வந்த கியர்பாக்ஸை நல்ல பாகம் என்று பதிவேட்டில் ஏற்றிவிட்டால், பின்னால் வருகிறவர் எல்லோரும் அதையே நம்புவார்கள்.

கணக்குப் போடுவது

நிலம் வாங்குகிறவர் மூலப்பத்திரத்திலிருந்து தொடங்கி ஒவ்வொரு கைமாற்றத்தையும் சரிபார்ப்பதைப் போல, ஒரு பாகத்தின் மணிக்கணக்கை அதன் முதல் பதிவிலிருந்து இன்று வரை ஓட்டிப் பார்க்க வேண்டும். கீழே வரும் எண்கள் எடுத்துக்காட்டுக்காக நான் அமைத்தவை, முறை உண்மையானது.

ஒரு கியர்பாக்ஸ், பெரும்பழுதுக்குப் பிறகு 620.4 மணி ஓடிய நிலையில் உங்கள் ஹெலிகாப்டரில் பூட்டப்பட்டது. அன்று கூட்டின் மொத்த மணி 1,845.0. கடைசிப் பதிவில் கூட்டின் மணி 2,310.6. இடையே ஓடியது 465.6. ஆகவே கியர்பாக்ஸின் மணி 1,086.0. அதை 1,100 மணியில் கழற்ற வேண்டும் என்பது விதியானால் மீதி 14.0. தசமப் புள்ளிக்குப் பின்னுள்ள இலக்கம் ஒவ்வொன்றும் ஆறு நிமிடம் என்பதை மறக்காதீர்கள். 0.4 என்பது நாற்பது நிமிடம் அல்ல, இருபத்துநான்கு.

கணக்கு இடிக்கும் இடங்கள்தான் சுவையானவை. ஒரு பிளேடின் அட்டை, கூடு 2,300 மணி பறந்தபோது பூட்டியதாகச் சொல்கிறது. ஆனால் அதே மாதம் கூட்டின் மணி 1,900தான் என்று வேறொரு பதிவு சொல்கிறது. அட்டை வேறொரு ஹெலிகாப்டருக்கு உரியது, அல்லது இரண்டில் ஒரு பதிவில் கூட்டின் மணி தவறு. எதையும் திருத்தாமல் இரண்டையும் அப்படியே எழுதுங்கள். நடுவில் ஒரு எண்ணைப் போட்டுச் சமன் செய்வதைப் போல ஒரு வரலாற்றைக் கெடுக்கும் செயல் வேறில்லை.

பாகத்தின் எண்ணை முழுவதும் எழுத வேண்டும். பெல் நிறுவனத்தின் பாக எண்கள் 204, 205 என்று தொடங்கும். எந்த மாடலுக்காக வரையப்பட்டது என்பதை அது காட்டுகிறது. கடைசியில் கோட்டுக்குப் பின் வரும் சிறிய எண்ணைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அந்தக் கடைசி எண் மாறினால் உலோகமோ வடிவமோ மாறியிருக்கும், அனுமதித்த ஆயுளும் மாறியிருக்கலாம்.

உடம்பைப் படிப்பது

ஏடே இல்லாத ஹெலிகாப்டர்கள் நிறைய. அப்போது உலோகம்தான் ஏடு. ஒரு நாள் முழுவதும் ஒதுக்கி, சாய்வான வெளிச்சம் கிடைக்கும் காலையிலும் மாலையிலும் பாருங்கள். நேர் வெளிச்சத்தில் மறைந்திருக்கும் ஒட்டுகள் சாய்வெளிச்சத்தில் எழுந்து நிற்கும்.

ஒட்டுப் போட்ட தகடு இரண்டு வகை. சுற்றுப்பரப்போடு சமமாக இருக்கும்படி உள்ளே தகடு வைத்து, தலை பதிந்த ரிவெட் அடித்தது ஒன்று. மேலே தகட்டை வைத்து அடித்தது இன்னொன்று. முதல் வகை நேரமும் கருவியும் இருந்த இடத்தில் செய்தது. பெரும்பாலும் பெரிய பணிமனை. இரண்டாவது, மறுநாள் காலை பறக்க வேண்டியிருந்த இடத்தில் செய்தது. ஒரு பக்கம் சிறிய ஒட்டு, எதிர்ப்பக்கம் சற்றுப் பெரிய ஒட்டு, இரண்டையும் நூல் பிடித்தால் ஒரே கோடு என்றால் தோட்டா போன வழி அது. அந்தக் கோட்டை உள்ளே தொடருங்கள். குழாய், வயர்க் கட்டு, தரைப் பலகை, ஏதாவதொன்று மாற்றப்பட்டிருக்கும். அந்தக் கோடு ஓர் இருக்கையின் வழியாகப் போனால் அங்கே நிறுத்துங்கள். அளவைக் குறித்துக்கொள்ளுங்கள், அங்கே யார் உட்கார்ந்திருந்தார் என்பதை ஆவணத்திலிருந்து மட்டுமே சொல்லுங்கள். ஊகமாக எதையும் பெயர்ப்பலகையில் எழுதாதீர்கள்.

இந்த வகையில் பார்த்துக் கற்க நல்ல இடம், வாஷிங்டனுக்கு அருகே விர்ஜினியாவில் உள்ள உத்வார்-ஹேஸி மையம். ஸ்மித்சோனியனின் விமான, விண்வெளி அருங்காட்சியகத்தின் கிளை அது. மேலே சொன்ன 65-10126 அங்கே நிற்கிறது. 1966 முதல் 1970 வரை வியட்நாமில் நான்கு பிரிவுகளில் இருந்தது. 2,500 மணிக்கும் மேல் பறந்தது. ஸ்மோக்கி 3 என்பது அதன் பெயர். எஞ்சினின் வெப்ப வாயுவில் எண்ணெயைத் தெளித்துப் புகைத்திரை போடும் கருவி அதில் இருக்கிறது. மற்ற ஹெலிகாப்டர்கள் இறங்குவதற்கு முன் மரமட்டத்தில், எதிரியின் கண்ணெதிரே பறந்து திரை போட வேண்டிய வேலை. உடலெங்கும் இருக்கும் ஒட்டுகள் அந்த வேலையின் கணக்கு. நான்கு பிரிவுகளில் இருந்த ஹெலிகாப்டர் என்றால் ஏட்டில் குறைந்தது மூன்று கைமாற்றங்கள் இருக்க வேண்டும். ஒவ்வொரு கைமாற்றத்திலும் முழுச் சோதனையும் பொருள் பட்டியலும். பெயின்ட் அடுக்குகளிலும் ஒவ்வொரு பிரிவின் சின்னமும் ஒன்றின் கீழ் ஒன்றாக இருக்க வாய்ப்புண்டு. நீங்கள் வேறொரு ஹூயியை ஆராயும்போதும் இதே எதிர்பார்ப்போடு தொடங்குங்கள்.

எஞ்சினைச் சுற்றி வேறு வகைத் தடயம் இருக்கும். டி-53 என்ற இந்த எஞ்சினை கனெக்டிகட் மாநிலத்தின் ஸ்ட்ராட்ஃபோர்டில் லைகமிங் நிறுவனத்துக்காக வடிவமைத்த குழுவின் தலைவர் ஆன்செல்ம் ஃபிரான்ஸ். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியின் யும்மோ 004 ஜெட் எஞ்சினை உருவாக்கியவரும் அவரே. நல்ல எஞ்சின். ஆனால் வியட்நாமின் செம்மண் புழுதி அதன் கம்ப்ரெஸர் பிளேடுகளை அரித்தது. அனுமதித்த மணியை எட்டுவதற்கு முன்பே எஞ்சின்கள் கழற்றப்பட்டதற்கு இது பெரிய காரணம். காற்று நுழையும் வாயில் துகள்களைப் பிரிக்கும் கருவி பிறகு பொருத்தப்பட்டது. அந்தக் கருவி எப்போது பொருத்தப்பட்டது என்பது 2408-5இல் இருக்கும். அந்தத் தேதிக்கு முன் எத்தனை எஞ்சின் மாறியது, பின் எத்தனை மாறியது என்று எண்ணிப் பாருங்கள். ரோட்டார் பிளேடுகளின் முன்விளிம்பிலும் அதே அரிப்பைக் காணலாம்.

கியர்பாக்ஸ்களில் காந்தச் செருகி ஒன்று இருக்கும். எண்ணெயில் மிதக்கும் இரும்புத் துகளைப் பிடிப்பது. அதில் துகள் கிடைத்தால் கியர்பாக்ஸ் தேய்கிறது என்று பொருள். எண்ணெய் மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பி, அதில் எந்த உலோகம் எவ்வளவு என்று அளக்கும் வழக்கமும் அப்போதே வந்துவிட்டது. இந்த ஆய்வுத் தாள்கள் கிடைத்தால் பொக்கிஷமாக வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பாகத்தின் உள்ளே என்ன நடந்தது என்பதற்கு அதைத் திறக்காமல் கிடைக்கும் சாட்சி அது.

ஓர் எச்சரிக்கையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். உள்ளே தெரியும் மஞ்சள்பச்சை நிறப் பூச்சு துத்தநாக குரோமேட். அதை உரசினால் எழும் தூள் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது. பழைய அளவுமானிகளின் ஒளிரும் எண்களில் கதிரியக்கப் பொருள் இருக்கலாம். கண்ணாடி உடைந்த மானியைத் தொடாதீர்கள். பெயின்ட் அடுக்கைப் பார்க்கும் ஆர்வத்தில் உப்புத்தாளை எடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். உடம்புக்கும் கேடு, வரலாற்றுக்கும் கேடு. முதலில் படம் எடுங்கள். சுரண்டுவதைப் பயிற்சி பெற்ற பாதுகாப்பாளரிடம் விடுங்கள்.

பெரிய பணிமனைகள்

முகாமில் செய்ய முடியாத பழுது மேலே மேலே போகும். 25 மணிக்கு ஒரு சிறு சோதனை, 100 மணிக்கு ஒரு பெரிய சோதனை முகாமிலேயே நடக்கும். வீழ்ந்த ஹெலிகாப்டரைச் சினூக் ஹெலிகாப்டர் கயிற்றில் தூக்கிக்கொண்டு வரும். அங்கிருந்து சில, கடலுக்குப் போயின. யூஎஸ்என்எஸ் கார்பஸ் கிறிஸ்டி பே என்ற கப்பல், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கடல் விமானங்களுக்குத் துணை நின்ற ஆல்பமார்ல் கப்பலை மாற்றிக் கட்டியது. 1966 முதல் 1972 வரை வியட்நாம் கரையோரம் நங்கூரமிட்டு, மிதக்கும் பணிமனையாக வேலை செய்தது. ஒரு பாகத்தின் அட்டையில் அந்தக் கப்பலின் முத்திரையைக் கண்டால், புழுதியும் கொள்ளைபோகும் கிடங்கும் இல்லாத, நல்ல கருவிகள் கொண்ட இடத்தில் அது பழுது பார்க்கப்பட்டது என்று கொள்ளலாம்.

அதைவிடப் பெரிய அடி பட்டவை டெக்சாஸுக்குத் திரும்பின. கார்பஸ் கிறிஸ்டியில் 1961இல் தொடங்கிய தரைப்படையின் பணிமனை ஏராட்மாக் என்ற சுருக்கப் பெயரோடு தாள்களில் வரும். 1974இலிருந்து கார்பஸ் கிறிஸ்டி ஆர்மி டிப்போ. பெல் நிறுவனத்தின் அமரில்லோ பணிமனைக்கும் பல போயின. இங்கே கூடு முழுவதும் பிரிக்கப்பட்டு, நல்ல பாகங்கள் பொதுக் குவியலில் சேர்ந்து, வேறு பாகங்களோடு ஒரு ஹெலிகாப்டராகக் கட்டப்பட்டு வெளியே வரும். ஒரு ஹூயி இரண்டு முறை இப்படிப் போய் வந்திருந்தால், தகடும் கூட்டின் ஒரு பகுதியும் தவிர அதில் பிறந்தபோது இருந்தது எவ்வளவு என்று சொல்வது கடினம். இதைக் குறையாகப் பார்க்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. போரில் அது உழைத்த வடிவம் அதுதான். அசல் பாகம் என்பதற்காக ஒட்டுகளை அகற்றிப் புதிதாக்குவது அந்த உழைப்பை அழிப்பது.

ஓய்வுக்குப் பிறகு

ராணுவம் கைவிட்ட ஹூயிகள் பலவற்றுக்கு இரண்டாம் வாழ்வு உண்டு. கலிஃபோர்னியாவின் தீயணைப்புத் துறை அவற்றை சூப்பர் ஹூயி என்ற பெயரில் மாற்றிக் காட்டுத்தீ அணைக்க வைத்தது. மரம் தூக்கவும், மருந்து தெளிக்கவும் தனியார் வாங்கினர். சில, பெல் 212இன் சுழலும் பாகங்களைப் பெற்று ஹூயி 2 ஆயின. அவற்றில் வால் ரோட்டார் வலப்பக்கம் இருக்கும். பழைய எச் வகையில் இடப்பக்கம். தூரத்திலிருந்தே கண்டுபிடிக்கலாம்.

இந்த இரண்டாம் வாழ்வில் மணிக்கணக்கு மட்டும் போதாது என்பது தெளிவாகியது. மரம் தூக்கும் ஹெலிகாப்டர் ஒரு மணி நேரத்தில் பல முறை சுமையைத் தூக்கி இறக்குகிறது. ஒவ்வொரு தூக்கலிலும் ரோட்டார் தண்டு முறுக்கு விசையைத் தாங்கித் தளர்கிறது. நேராகப் பறக்கும் ஒரு மணியும் முப்பது முறை தூக்கிய ஒரு மணியும் ஒன்றல்ல. ஆகவே அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையம் ரோட்டார் தண்டுக்கும் அதைச் சேர்ந்த சில பாகங்களுக்கும் மணியோடு சேர்த்து, எழும்பலையும் தூக்கலையும் எண்ணும் ஓர் ஓய்வுக் குறியீட்டு எண்ணை விதித்தது. சிவில் ஏட்டில் அந்தப் பத்தி காலியாக இருந்தால், தண்டின் ஆயுளை யாராலும் சொல்ல முடியாது. பறக்க விரும்புகிறவர் அந்தத் தண்டை மறந்துவிட வேண்டும். காட்சிக்கு வைப்பவருக்கும் அது பொருட்படுத்த வேண்டிய செய்தி. கழித்துக்கட்டிய பாகங்களை மீண்டும் பயன்படுத்த முடியாதபடி வெட்டி வைக்க வேண்டும் என்பது இதனால்தான். இல்லாவிட்டால் உங்கள் அருங்காட்சியகத்தின் உபரி பாகம் ஒன்று விற்பனைக்குப் போய், ஒருநாள் பறக்கும் ஹெலிகாப்டர் ஒன்றில் பூட்டப்படலாம்.

தாள் தேடும் இடங்கள்

வியட்நாம் ஹெலிகாப்டர் விமானிகள் சங்கம் கோல்ட் புக் என்று அழைக்கப்படும் பதிவுகளைத் திரட்டி வைத்திருக்கிறது. தரைப்படையின் மாதாந்திர அறிக்கைகளிலிருந்து எடுத்தது. உங்கள் வரிசை எண்ணைக் கொடுத்தால் எந்த மாதம் எந்தப் பிரிவு, எத்தனை மணி என்று வரிசையாகக் கிடைக்கும். முதல் எலும்புக்கூடு இதுவே. சில மாதங்கள் விடுபட்டிருக்கும். அறிக்கை அனுப்பிய அலுவலகத்தின் பெயர் இருக்கும். ஹெலிகாப்டர் நின்ற இடம் அதுவாக இருக்க வேண்டியதில்லை.

பிரிவின் பெயர் கிடைத்ததும் மேரிலாண்டின் காலேஜ் பார்க்கில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்துக்குப் போக வேண்டும். தென்கிழக்காசியாவில் இருந்த அமெரிக்கப் படைகளின் ஆவணங்கள் 472ஆம் தொகுதியில் உள்ளன. நாட்குறிப்புகளும் காலாண்டு அறிக்கைகளும் அங்கே. டெக்சாஸின் லபக் நகரில் டெக்சாஸ் டெக் பல்கலைக்கழகத்தின் வியட்நாம் காப்பகம் படங்களுக்கும் நேர்காணல்களுக்கும் நல்லது. உங்கள் ஹெலிகாப்டரை ஒரே வாரத்தில் எடுத்த இரண்டு படங்கள் வாலின் எண்ணில் வேறுபட்டால், வால் மாறிய வாரத்தையே பிடித்துவிட்டீர்கள்.

பறந்தவர்களிடமும் கேளுங்கள். அவர்கள் இப்போது முதியவர்கள். தேதியை அவர்கள் நினைவிலிருந்து எடுக்காதீர்கள். எந்தப் பக்கம் அடிபட்டது, எந்தச் சத்தம் வந்தது, எந்தப் பாகம் எப்போதும் தொல்லை கொடுத்தது என்பதை எடுங்கள். அவற்றில் அவர்கள் நினைவு கூர்மையானது.

நம் பக்கத்து ஹெலிகாப்டர்களுக்கு

இந்திய விமானப்படையில் 1972இல் சேர்ந்து 2017 டிசம்பரில் பெங்களூர் எலஹங்காவில் விடைபெற்ற சோவியத் ஹெலிகாப்டர் எம்ஐ-8ஐ ஆராய்கிறவருக்கு மேலே சொன்ன முறை பொருந்தும், படிவங்கள் மட்டும் மாறும். சோவியத் முறையில் கூட்டுக்கும் எஞ்சினுக்கும் ஃபார்முலியார் என்ற தடித்த ஏடு, சிறு பாகங்களுக்குத் தனித்தனி பாஸ்போர்ட். பறந்த மணியோடு நாட்காட்டி ஆண்டும் ஆயுளைத் தீர்மானிக்கும். கொட்டகையில் சும்மா நின்றாலும் ரப்பரும் எண்ணெய்க் காப்பும் வயதாகின்றன என்ற கணக்கு அது. பெரும்பழுது பார்த்த இடமாக சண்டிகரின் 3 பேஸ் ரிப்பேர் டிப்போ முத்திரை வரும். இலங்கையில் இந்திய அமைதிப்படையோடு இருந்த எம்ஐ-8கள் பலவும் அந்தப் பணிமனை வழியாகச் சென்றவை என்பதால், நம் கடற்பகுதியின் வரலாற்றைத் தேடுகிறவர்கள் இந்த ஏடுகளைப் படிக்கப் பழகுவது பயன் தரும். ஏடு ரஷ்ய மொழியில் தொடங்கி இந்தியத் தொழில்நுட்பர்களின் ஆங்கிலக் கையெழுத்தில் தொடரும்.

எதை ஆராய்ந்தாலும் ஒரே கோப்பில் மூன்று பத்திகளாக எழுதுங்கள்: உலோகம் சொல்வது, தாள் சொல்வது, ஆள் சொல்வது. ஒவ்வொரு வரிக்கும் எந்தப் படம், எந்தப் படிவம், எந்த நேர்காணல் என்று எதிரே குறியுங்கள். பாகம் வாரியாகத் தனிப் பக்கம் வையுங்கள். ஹெலிகாப்டர் வாரியாக வைத்தால் மாற்றிப் பூட்டிய பாகம் வழிதவறிவிடும். ஒரு நகல் அருங்காட்சியகத்தின் சேர்க்கைக் கோப்பில் இருக்க வேண்டும், உங்கள் வீட்டில் மட்டும் இருக்கக் கூடாது. அந்தப் பாகத்தின் மறுபாதி வரலாறு வேறொரு ஊரில் நிற்கும் ஹெலிகாப்டரின் கோப்பில் இருக்கும். அதை ஆராய்கிறவர் உங்கள் பக்கத்தைத் தேடி வரும்போது, வரிசை எண்ணை வைத்தே கண்டெடுக்க முடிய வேண்டும்.